எதற்கும் கொஞ்சம் குறைத்து வைப்பவர்

மனிதர்களில் ஒரு வகை உண்டு. உலகத்தில் எந்தக் கோளாறு வந்தாலும் அவர்கள் கையில் ஒரே ஒரு மருந்துதான் இருக்கும்: கொஞ்சம் குறைத்து வைப்பது. பால் பொங்குகிறதா? அடுப்பைக் குறை. மின்விசிறி கிறீச்சிடுகிறதா? விசிறியைக் குறை. பக்கத்து வீட்டில் சண்டையா? நம் வீட்டு டிவியைக் குறை, அப்போதுதான் விவரம் காதில் விழும். மகள் ஏதோ பெரிதாக ஆசைப்படுகிறாளா? அதையும் கொஞ்சம் குறைத்து வை. இவர்கள் கெட்டவர்கள் அல்ல; அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கெட்டவர்களாக இருந்தால் எப்படியாவது சமாளித்துவிடலாம். இவர்கள் நல்லவர்கள், அக்கறை உள்ளவர்கள், நமக்கு ஒன்று ஆகிவிடக் கூடாதே என்று நமக்கும் முன்னால் பதறுகிறவர்கள். அதனால்தான் இவர்களிடமிருந்து தப்பிக்க வழியில்லை.

இந்த இனத்தின் அசல் ஆள் ஒருவரை நான் தினமும் பார்க்கிறேன். எங்கள் பட்டறையின் சூப்பர்வைசர். முகத்துக்கு நேரே ‘அண்ணே’. முதுகுக்குப் பின்னால் ‘நாப் அண்ணன்’. நாப் என்றால் பட்டறையில் குமிழ். இரும்பை வெட்டுகிற கம்ப்யூட்டர் இயந்திரங்கள் ஒவ்வொன்றிலும் முன்பக்கம் ஒரு குமிழ் இருக்கும். வெட்டுகிற கருவி எவ்வளவு வேகமாக நகர வேண்டும் என்பதை அது ஆளும். அந்த வேகத்துக்குப் பெயர் ஃபீட். குமிழ் நூறில் இருந்தால், புரோகிராமில் எழுதியபடி ஓடும். ஐம்பதில் வைத்தால், எழுதியதில் பாதி. குமிழுக்குச் சுழியமும் உண்டு. நாப் அண்ணனின் கனவு அதுவாகத்தான் இருக்கும். இயந்திரம் ஓடாமலே இருந்தால் கோளாறு எப்படி வரும்?

என் மேசை புதிய இயந்திரத்துக்கு நேர் எதிரே. வெட்டி முடித்து வருகிற பாகங்களின் ஓரத்தில் நிற்கும் பிசிறை அரத்தால் எடுப்பது என் வேலை. கைக்குத்தான் வேலை, கண் சும்மா இருக்கும். சும்மா இருக்கிற கண் ஊர் மேயும். என் பக்கத்து மேசையில், முடிந்த பாகங்களுக்கு எண்ணெய் தடவிக் காகிதம் சுற்றிப் பெட்டியில் வைக்கிறவர் நாப் அண்ணனின் மனைவி. நாங்கள் அண்ணி என்று கூப்பிடுவோம். எனக்குத் தெரிந்ததில் பாதி கண்ணால் தெரிந்தது, மீதி அண்ணி சொல்லித் தெரிந்தது.

“வீட்ல ஃபேன் ஒண்ணுலதான் சுத்தும்” என்பார் அண்ணி, காகிதத்தை மடித்துக்கொண்டே. “ரெண்டுல வெச்சா கழண்டு தலையில விழுந்துடுமாம். ‘ஏங்க, அஞ்சு வரைக்கும் போட்டிருக்கானே, அவன் என்ன பைத்தியக்காரனா?’ன்னு கேட்டா, ‘அவன் வீட்டு ஃபேனா இது?’ங்கிறார்.”

“கல்யாணத்துக்காவது சட்டுன்னு சரின்னு சொன்னாரா அண்ணி?”

“யாரு, இவரா? பொண்ணு பார்த்துட்டுப் போய், ‘அவசரம் என்ன, கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போம்’னு சொல்லி அனுப்பினாரு. பார்த்துட்டுப் போனப்ப எங்கப்பாவுக்குத் தலையெல்லாம் கருப்பு. சரின்னு சொல்லி அனுப்பினப்ப, சொல்ல வந்தவங்களுக்கு அப்பாவை அடையாளமே தெரியல.”

அவர்கள் மகள் பள்ளிக்கூடத்தில் ஓட்டப் பந்தயம் ஓடுகிறவள். பந்தயத்தன்று எல்லா அப்பாக்களும் கோட்டுக்கு வெளியே நின்று ‘ஓடு, ஓடு’ என்று கத்துவார்கள். அவ்வளவு கூட்டத்தில் ஒரே ஒரு குரல் மட்டும் ‘மெதுவா, மெதுவா, பார்த்து!’ என்று கேட்குமாம். “அந்தப் பொண்ணு ஜெயிக்கிறதே அந்தக் குரலுக்குத் தப்பிச்சு ஓடறதாலதான்” என்பார் அண்ணி.

இப்போது இயந்திரத்துக்கு வருகிறேன். உங்களுக்கு இயந்திரம் தெரியாவிட்டால் பாதகமில்லை. ஒரு சிறிய அறை அளவுக்கு இரும்புப் பெட்டி; கண்ணாடிக் கதவு; உள்ளே வெட்டுகிற கருவி. பழைய இயந்திரங்களில் கருவி இடம் வலம், முன் பின், மேல் கீழ் என்று போகும், அவ்வளவுதான். புதியதில் அதோடு கூட, பாகத்தைப் பிடித்திருக்கும் மேசையும் சாயும், சுழலும். ஐந்து அசைவும் ஒரே நேரத்தில். ஆப்பிளைத் தோல் சீவுகிறவர் ஒரு கையால் கத்தியையும் இன்னொரு கையால் பழத்தையும் திருப்புவாரே, அது மாதிரி. பார்க்க அழகாக இருக்கும். அழகாக ஓடினால்.

இந்த இயந்திரத்தை வாங்கியதே, தண்ணீர் பம்புக்குள் சுழலும் இம்பெல்லர் சக்கரம் வெட்டத்தான். முறுக்கி விட்ட பூவிதழ் மாதிரி வளைந்த மெல்லிய இறக்கைகள் அதற்கு. ஆர்டர் கொடுக்கப்போகிற கம்பெனி, ‘எங்கள் இன்ஜினியர் வெள்ளிக்கிழமை வருவார், அவர் கண் முன்னால் ஒரு சக்கரத்தைக் காலையில் ஆரம்பித்து மதியச் சாப்பாட்டுக்குள் வெட்டிக் காட்டுங்கள்’ என்று சொல்லியிருந்தது. அதை ஓட்ட முதலாளி நிறுத்தியது ஒரு பெண்ணை. அவளுக்கு ‘புயல்’ என்று பெயர். அவள் வேகமாக நடக்கிறாள் என்பதற்காக நாப் அண்ணனே வைத்தது. திட்டுவதாக நினைத்துத்தான் வைத்தார். புயல் வருடக்கணக்காகப் பின்கட்டில் துளை போடும் இயந்திரத்தில் நின்றவள். கைப்பிடியை இழு, துளை, இழு, துளை. ஓய்வு நேரமெல்லாம் இந்தப் புதிய இயந்திரத்தின் கண்ணாடிக் கதவில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்று கற்றுக்கொண்டாள். முதலாளி அவளிடம் பேச்சைச் சுருக்கமாகவே வைத்துக்கொண்டார்: “வெள்ளிக்கிழமை ஒழுங்கா வெட்டிக் காட்டு, இந்த மெஷின் உனக்கு. இல்லேன்னா பழையபடி துளைதான்.”

வாரத் தொடக்கத்தில் ஒத்திகைக்கு ஓட்டிப் பார்த்தபோது, முதல் இறக்கையின் வளைவுக்கு வந்ததுமே இயந்திரம் வலிப்பு வந்த மாதிரி இழுத்தது. வழுக்கிக்கொண்டு போக வேண்டிய கருவி ஒரு விரற்கடை போகும், தயங்கும், துள்ளும், மறுபடி தயங்கும். மேசை சாய்வதும் நிற்பதுமாகத் தலையாட்டியது. ‘டக்கு டக்கு டக்கு’ என்று ஒரு சத்தம். இறக்கையின் மேல் வரிவரியாகத் தழும்பு.

நாப் அண்ணன் வந்தார். இந்த இனம் கோளாறுக்கு வருகிற வருகையே ஒரு சடங்கு, நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஓடி வர மாட்டார்கள். ஓடுவது வேகம் அல்லவா? கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, வழியில் இன்னொரு இயந்திரத்தின் குமிழையும் போகிற போக்கில் ஒரு சுற்று குறைத்துவிட்டு, வந்து நின்று, தலையைச் சாய்த்து, கண்ணை மூடி, சத்தத்தைக் கேட்பார்கள். பிறகு காய்ச்சல் அடிக்கிற பிள்ளையின் நெற்றியில் வைப்பது போல இயந்திரத்தின் மேல் உள்ளங்கையை வைப்பார்கள். பிறகு அந்தக் கேள்வி.

“யாரு தொட்டது?”

“நான்தாண்ணே ஓட்டறேன். நான் தொடாம யாரு தொடுவா?” என்றாள் புயல்.

“அதான் பார்த்தேன். நூறுல வெச்சிருக்க!”

“புரோகிராமே அதுக்குத்தானே எழுதியிருக்கு.”

“எழுதறவன் ஆயிரம் எழுதுவான். அவன் மாடியில ஏசியில உக்காந்து எழுதறான். இங்க நாமதான் நிக்கிறோம்.” குமிழைப் பிடித்தார். கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கிற பக்குவத்தோடு, நூறிலிருந்து அறுபதுக்குத் திருப்பினார். “இப்பப் பாரு.”

பார்த்தோம். துள்ளல் குறைந்தது. டக்கு டக்கு, டக்… டக்… ஆனது.

“பார்த்தீங்களா? அவ்வளவுதான் விஷயம்” என்று எங்கள் எல்லோரையும் ஒரு முறை சுற்றிப் பார்த்துவிட்டு, டீ குடிக்கப் போய்விட்டார்.

இந்த இடத்தைக் கவனியுங்கள். அவருடைய மருந்து வேலை செய்கிறது! அதுதான் இந்த இனத்தின் பெரிய ஆபத்து. குறைத்தால் எந்தக் கோளாறும் கொஞ்சம் குறையத்தான் செய்யும். சாப்பிடாமல் இருந்தால் வயிற்றுவலி குறைவது போல. கோளாறு போய்விட்டதா, அல்லது சத்தம் போடாமல் உட்கார்ந்திருக்கிறதா என்று யார் கேட்பது? கேட்க வேண்டியவர் டீ குடிக்கப் போய்விட்டார்.

கேட்டது கடிகாரம். அறுபதில் ஓட்டினால் மதியச் சாப்பாட்டுக்கு அல்ல, மாலை டீக்குத்தான் சக்கரம் முடியும். அது மட்டுமில்லை. கருவி சுழலும் வேகம் அப்படியே இருக்க, நகரும் வேகம் மட்டும் குறைந்தால், அது வெட்டாது, தேய்க்கும். தேய்த்தால் சூடாகும். சூடானால் முனை மழுங்கும். மழுங்கினால் புதுச் சத்தம் வரும். புதுச் சத்தம் வந்தால்?

குமிழ் அறுபதிலிருந்து நாற்பதுக்குப் போயிற்று.

அடுத்து விசாரணை. இந்த இனத்துக்குக் காரணம் கண்டுபிடிப்பதில் சலிப்பே கிடையாது, அந்தக் காரணம் தன் கைக்கு எட்டாத தூரத்தில் இருக்கும்வரை. முதல் நாள் கருவி சரியில்லை என்றார், கருவியை மாற்றினோம். மறுநாள் உலோகத்தில் கல் மாதிரி ஏதோ இருக்கிறது என்றார். வேறு உலோகக் கட்டி வைத்தோம். அதற்கு அடுத்து கரண்ட் சரியில்லை என்றார். பிறகு தரை ஆடுகிறது என்றார். தரை மேல் ஒரு தம்ளர் தண்ணீர் வைத்து அதை உற்றுப் பார்த்தார். தண்ணீர் ஆடியது. “பார்த்தியா!” என்றார். இயந்திரம் அந்த ஆட்டம் ஆடினால் தண்ணீர் ஆடாமல் என்ன செய்யும் என்று யாரும் கேட்கவில்லை. எனக்குக் கேட்கத் தோன்றியது. நான் கேட்கிற ஆள் இல்லை. அரத்தை எடுத்துக்கொண்டேன்.

கடைசியாக மாடிக்கு ஆள் அனுப்பினார். மாடியில் புரோகிராம் எழுதுகிறவர் இறங்கி வந்தார். கண்ணாடியை நெற்றிக்கு மேல் ஏற்றி வைத்துக்கொண்டு, ‘என் கண்ணாடியைப் பார்த்தீங்களா’ என்று எல்லோரையும் கேட்கிறவர். அதனால் பெயரும் கண்ணாடிதான்.

“கண்ணாடி சார், வளைவு சரியா வரலை. துண்டு துண்டா உடைச்சுக் கொடுக்கிறீங்கல்ல, அதை இன்னும் பொடியா உடைங்க” என்றார் நாப் அண்ணன்.

வளைவு என்பது இயந்திரத்துக்கு வளைவாகத் தெரியாது. அதைக் குட்டிக் குட்டி நேர்கோடுகளாக உடைத்து, இங்கிருந்து அங்கே போ, அங்கிருந்து அந்தப் பக்கம் போ என்று வரி வரியாகச் சொல்ல வேண்டும்.

“போன வாரம் எழுதறப்பவே பொடியாக்கச் சொன்னீங்கண்ணே. பொடியாக்கினேன். இப்பவே மாவு மாதிரி இருக்கு.”

“இன்னும் சலிச்சுக் கொடுங்க. அப்புறம், ஒவ்வொரு புள்ளியிலயும் நின்னு நிதானிச்சுட்டுப் போகச் சொல்லியும் ஒரு வரி போடுங்க. அவசரப்படாம போகட்டும்.”

“அண்ணே, அப்படிப் போட்டா…”

“ஏதாவது ஒண்ணுன்னா யாரு பதில் சொல்றது? நீங்களா?”

இந்தக் கேள்விக்கு உலகத்தில் இதுவரை யாரும் பதில் சொன்னதில்லை. கண்ணாடி வந்த வழியே திரும்பினார். மாடி ஏறினார். பொடியாக்கினார். நிற்கச் சொல்லி வரியும் போட்டார். ஏன், பயம் ஒட்டிக்கொள்ளும் அல்லவா, நாப் அண்ணன் கேட்டதைவிட இன்னும் கொஞ்சம் பொடியாக்கி வைத்தார். அவருக்கும் வீடு குடும்பம் இருக்கிறது.

இயந்திரம் இப்போது வலிப்பைத் தாண்டி, விக்கல், நடுக்கம், குளிர் ஜுரம் எல்லாம் சேர்ந்தது போல ஆடியது. நாப் அண்ணனுக்கு முகத்தில் ஒரு நிம்மதி. தன் கவலை வீணாகப் போகவில்லையே என்ற நிம்மதி. குமிழ் இருபத்தைந்துக்கு வந்தது. அந்த வேகத்தில் கருவி நகர்வதைப் பார்க்க, பக்கத்தில் எதையாவது அடையாளம் வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

வியாழக்கிழமை வந்துவிட்டது. புயல் மதியச் சாப்பாட்டைத் திறக்கவே இல்லை. கண்ணாடிக் கதவுக்கு முன்னால் நின்றாள்.

“நாளைக்கு இதே மாதிரி ஓடுனா நான் திரும்பவும் அந்தத் துளை மெஷின்தான், கண்ணாடி சார்” என்றாள். அவள் குரலில் அழுகை இல்லை. அது இருந்திருந்தால் எனக்குக் கேட்க இவ்வளவு கஷ்டமாக இருந்திருக்காது. “ஒண்ணு பண்ணலாமா? உலோகமே வைக்காம வெறும் காத்துல ஓட்டிப் பார்க்கலாம்.”

“காத்துல ஓட்டி என்னம்மா தெரியும்?”

“காத்துலயும் இழுத்தா, கருவி மேலயும் கட்டி மேலயும் தப்பு இல்லைன்னு தெரியுமே.”

கண்ணாடி யோசித்தார். பிறகு வாசல் பக்கம் பார்த்தார். நாப் அண்ணன் சாப்பிட்டு முடித்துப் பல் குத்திக்கொண்டு வந்துகொண்டிருந்தார்.

அண்ணி என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அண்ணி கையில் இருந்த காகிதத்தைக் கீழே வைத்தார்.

“ஏங்க! இங்க வாங்களேன். பெட்டிக்குப் பட்டை கட்டற மெஷினு வெடுக் வெடுக்னு இழுக்குது. எனக்குப் பயமா இருக்கு.”

பயம் என்ற சொல் காதில் விழுந்தால் இந்த இனம் நிற்குமா? அவர் அப்படியே திரும்பிவிட்டார். பெட்டி கட்டும் இயந்திரத்தின் மேல் உள்ளங்கையை வைத்தார். தலையைச் சாய்த்தார். “யாரு தொட்டது?” என்றார்.

“நான்தாங்க. வேற யாரு?” என்றார் அண்ணி. அந்த இயந்திரம் நாள் முழுவதும் நன்றாகத்தான் ஓடியது. அண்ணி அதைக் கையால் ஆட்டிக்கொண்டிருந்தார்.

அந்தப் பக்கம் அவர் இருந்த நேரத்தில் இந்தப் பக்கம் காற்றில் ஓட்டினார்கள். காற்றிலேயே துள்ளியது. வெட்டுவதற்கு ஒன்றுமே இல்லாத இடத்தில் அதே டக்கு டக்கு. அப்படியானால் கருவி, கட்டி, தரை, தம்ளர் தண்ணீர் எல்லாம் நிரபராதிகள். குமிழை மிகவும் இறக்கினார்கள், அமைதி. ஏற்றினார்கள், துள்ளல். புயல் கண்ணாடியைப் பார்த்தாள். கண்ணாடி நெற்றியில் அடித்துக்கொண்டார். அங்கே இருந்த கண்ணாடி நேராக மூக்கில் வந்து உட்கார்ந்தது.

“படிக்க முடியாமத் திணறுதும்மா! ஓடற வேகத்துக்கு அடுத்த அடுத்த வரியைப் படிச்சு முடிக்க முடியலை. நான் அவ்வளவு பொடியா எழுதி வெச்சிருக்கேன்.”

இயந்திரம் தனக்கு முன்னால் சில வரிகளைப் படித்துக்கொண்டே போகுமாம். வரி நீளமாக இருந்தால் தூரத்துப் பாதை தெரியும், தைரியமாகப் போகும். வரி கடுகு மாதிரி இருந்தால், எத்தனை வரி படித்தாலும் முன்னால் தெரிவது நகக்கண் அளவு பாதைதான். இருட்டில் தீக்குச்சி வெளிச்சத்தில் நடக்கிறவர் எப்படி நடப்பார்? அப்படித்தான் அதுவும் நடந்தது. போதாததற்குப் புள்ளிக்குப் புள்ளி நில் என்ற கட்டளை வேறு. ஒழுங்காக இருக்க வேண்டுமே என்று பயந்து பயந்து சேர்த்த ஒவ்வொரு ஜாக்கிரதையும்தான் அதைத் துள்ள வைத்திருக்கிறது.

கண்ணாடி மாடிக்கு ஓடினார். வரைபடம் எவ்வளவு நுணுக்கம் கேட்கிறதோ அந்த அளவுக்குள் துண்டுகளைப் பெரிதாக்கினார். நிற்கச் சொன்ன வரியை எடுத்தார். ‘நிற்காமல் வளைந்து போ’ என்று எழுதினார். இன்னொன்றும் செய்தார். இறக்கையின் உச்சியில் கருவி ஏறக்குறைய நேர்குத்தாக நிற்கிற ஓர் இடம் உண்டு. அங்கே மேசை சட்டென்று ஒரு பெரிய சுற்று சுற்றித்தான் அடுத்த பக்கத்துக்கு வர முடியும். அது கோளாறு இல்லை, அதன் வழியே அப்படித்தான். அந்தச் சுற்றின்போது கருவி உலோகத்தைத் தொடாமல் கொஞ்சம் மேலே எழும்பி நிற்கும்படி எழுதினார். ஒரு பழைய கட்டியை வைத்து, நூறில் ஓட்டினார்கள். சத்தமே மாறிவிட்டது. துணி கிழிவது போல் ஒரே சீரான ‘ஸ்ஸ்’. புயல் கதவில் மூக்கை வைத்துப் பார்த்துவிட்டுப் பிறகுதான் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தாள்.

நாப் அண்ணன் திரும்பி வந்து, “பரவாயில்லையே, இப்ப நல்லா ஓடுதே” என்றார். “நேத்து நான் குறைச்சு வெச்சதுல மெஷினு கொஞ்சம் பழகிடுச்சு.”

எல்லோரும் அவரவர் வேலைக்குக் குனிந்துகொண்டோம். எங்கள் பட்டறையில் எல்லோருக்கும் அரம் உண்டு.

வெள்ளிக்கிழமை. இன்ஜினியர் வந்தார். நல்ல உயரம், மெதுவான நடை, கை பின்னால் கட்டியிருந்தது. எனக்கு அப்போதே லேசாகச் சந்தேகம். அவர் இயந்திரத்துக்குப் பக்கத்தில் வந்து நின்று, தலையைச் சாய்த்து, கண்ணை மூடி, உள்ளங்கையை அதன் மேல் வைத்தபோது அண்ணி என் முழங்கையை இடித்தார். “அடிப் பாவமே, இன்னொண்ணு!” என்றார்.

ஒரே இனத்தைச் சேர்ந்த இருவர் சந்தித்துக்கொள்ளும் அழகை என்ன சொல்ல! இருவரும் இயந்திரத்தின் இரண்டு பக்கமும் நின்றார்கள். ஒருவர் ‘ம்’ என்றால் மற்றவர் ‘ம்ம்’ என்றார்.

“நூறுலயா ஓடுது?” என்றார் இன்ஜினியர்.

“சொன்னா கேக்க மாட்டேங்குது சார் இந்தப் பொண்ணு” என்றார் நாப் அண்ணன், உறவுக்காரரிடம் குறை சொல்வது போல.

“நல்லாத்தானேய்யா ஓடுது” என்றார் முதலாளி, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு. அவர் முகம் வியர்த்திருந்தது.

ஐந்து இறக்கைகள் முடிந்தன. கடைசி இறக்கை. கனம் மற்றவற்றைப் போலத்தான்; ஆனால் அதற்கு ஆதரவாக நின்ற உலோகமெல்லாம் ஏற்கெனவே வெட்டுப்பட்டுப் போயிருந்தது. காகிதம் போல நின்றது. கருவி வழுக்கிக்கொண்டு மேலே ஏறியது. உச்சியை நெருங்கியது. சூடு தணிக்கும் கூலன்ட் தண்ணீர் கதவில் பீய்ச்சியடித்து உள்ளே இருப்பது சரியாகத் தெரியவில்லை. மேசை சாய்ந்தது, இன்னும் சாய்ந்தது, ஒரு கணம் தயங்கியது, பிறகு அத்தனை பெரிய இரும்பு மேசை விலுக்கென்று சுழன்றது. கதவு அதிர்ந்தது.

“குறைங்க! குறைங்க!” என்று இன்ஜினியர் கத்தினார். நாப் அண்ணனின் கை ஏற்கெனவே குமிழை நோக்கிப் பாதி தூரம் வந்துவிட்டது. அந்தக் கை குமிழைத் தொட்டால் அது நாற்பதுக்குப் போகும். போனது திரும்பாது, குறைத்த குமிழை நாப் அண்ணன் ஏற்றி நான் பார்த்ததே இல்லை. மதியச் சாப்பாடு போய்விடும், மெல்லிய இறக்கையில் கருவி தேய்த்துத் தழும்பு விழும், புயல் பின்கட்டுக்குப் போவாள்.

அவருக்கு முன்னால் புயலின் கை போய்க் குமிழை முழுவதுமாக மூடிக்கொண்டது. உள்ளங்கைக்குள் குமிழ் தெரியவே இல்லை. மணிக்கட்டைத் திருப்பினாள். நன்றாக, எல்லோருக்கும் தெரிகிற மாதிரி, தோளோடு சேர்த்துத் திருப்பினாள்.

“குறைச்சுட்டேன் சார்.”

மேசை சுற்றி முடித்தது. கருவி இறங்கியது. மறுபடியும் அந்தச் சீரான ‘ஸ்ஸ்’.

“பார்த்தீங்களா?” என்றார் இன்ஜினியர், முதலாளியைப் பார்த்து. “எவ்வளவு மென்மையாப் போகுது இப்ப!”

“அதைத்தான் சார் நானும் ஒரு வாரமாச் சொல்றேன்” என்றார் நாப் அண்ணன். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துத் தலையாட்டிக்கொண்டார்கள். வெகுநாள் பிரிந்த அண்ணன் தம்பி கூட அப்படிப் பார்த்துக்கொள்ள மாட்டார்கள்.

புயல் கடைசிவரை கையை எடுக்கவில்லை. சக்கரம் முடிந்து, கதவு திறந்து, எல்லோரும் அதைச் சுற்றிக் குனிந்தபோதுதான் எடுத்தாள். என் மேசையிலிருந்து குமிழ் நன்றாகத் தெரியும். முள் நூறில் நின்றது. ஆட்டம் அசைவு இல்லை.

சக்கரத்தில் ஒரு தழும்பு கிடையாது. பிசிறு எடுக்க அது என் கைக்குத்தான் வந்தது. இறக்கையின் ஓரத்தில் விரலை ஓட்டிப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன். மதியச் சாப்பாட்டு மணி அடிக்க இன்னும் நேரம் இருந்தது. ஆர்டர் வந்தது. இயந்திரம் புயலுக்கு. முதலாளி எல்லோர் முன்னாலும் நாப் அண்ணனின் கையைப் பிடித்துக் குலுக்கி, சரியான சமயத்தில் குறைக்கச் சொன்னதற்கு நன்றி சொன்னார். நாப் அண்ணன் வெட்கப்பட்டார். புயலும் கை தட்டினாள். எல்லோரையும்விடச் சத்தமாக.

“அவர்கிட்ட உண்மையைச் சொல்லிடலாமா அண்ணி?” என்று கேட்டேன்.

“எதுக்கு? ராத்திரி பூரா தூங்காம, ‘நூறுலயா ஓடுச்சு, நூறுலயா ஓடுச்சு’ன்னு என்னை எழுப்பிக் கேக்கறதுக்கா?” என்றார் அண்ணி.

கதை அவ்வளவுதான். ஆனால் போகிற முன்னால் உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். நேரில் என்றால் கேட்டிருக்க மாட்டேன். எழுத்தில் கேட்க எனக்குக் கூச்சமில்லை. அந்தக் கடைசி இறக்கை காகிதம் மாதிரி நின்றபோது, மேசை விலுக்கென்று சுழன்றபோது, இன்ஜினியர் கத்தியபோது, அந்த இடத்தில் கருவி உலோகத்தைத் தொடாது என்று நான் முன்பே சொல்லியிருந்தும்கூட, ‘ஐயோ, எதற்கு வம்பு, ஒரு பத்தாவது குறைத்து வைத்திருக்கலாமே இந்தப் பெண்’ என்று உங்களுக்குத் தோன்றவில்லையே?

இல்லை என்றால் மிகவும் சந்தோஷம். தோன்றியது என்றால், எங்கள் பட்டறையைப் பார்க்க நீங்கள் தாராளமாக வரலாம். டீ கொடுப்போம். கையை மட்டும் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.